மண்ணில்லாத் தொட்டியில் மலர்ச்செடி
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுகின்றவர் இலக்கியம் பேசுவதே இங்கு வழக்கம். புலமை மிக்க பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் எம்போன்றோர் இலக்கியம் பேசப் புகுந்தால் அது உங்கள் பொறுமையைச் சோதிப்பதாகவே முடியும். ஆகவே செயலாளர் அவர்கள் எங்களை அழைத்தபோதே, "எங்கள் வீட்டு வாயிலில் மூன்று ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு சிறு காரியத்தைச் சொல்கின்றோம், அதற்குமேல் எங்களிடம் சரக்கு இல்லை" என்று கூறிவிட்டோம். 'நாங்கள்' என்பது பெருமைக்காக அன்று. இக்காரியத்தில் எம் துணைவியாரும், அன்னையாரும், அண்டை வீட்டாரும் பங்கு கொண்டனர். நேர்ந்த பிழைகளில் மட்டும் எமக்கே முழு உரிமை உண்டு.

மண்ணின்றித் தொட்டிச் செடி வளர்ப்பதே அந்தக் காரியம்.

தங்கவயலின் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தோட்டம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வாயிலில் நான்கு மண்ணெண்ணெய்த் தகரங்கள். ஒன்றில் துளசி, ஒன்றில் கனகாம்பரம், ஒன்றில் கற்பூரவல்லி, மற்றொன்றில் எப்போதும் பிழைப்பதா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் ஒரு ரோஜா. அதுவே நம் நந்தவனம். தகரத்தில் இட நல்ல மண் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. தோண்டினால் கல், கல்லை விட்டால் சரளை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் குன்று குன்றாகக் குவிந்திருப்பதோ, பொன் எடுத்தபின் எஞ்சிய சயனைடு மேட்டின் தூள். காற்று வீசும் மாதங்களில் அத்தூள் நம் வீட்டுக் கூரையிலும், காயப் போட்ட துணியிலும், சோற்றுத் தட்டிலும் வந்து படிவதை அனுபவித்தவர்கள் இவ்வவையில் பலர்.

எங்கள் வீட்டுத் தகரங்களில் இருந்த மண் உள்ளூர் மண் அன்று. எம் தந்தையார் ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரைச் சிற்றூரினர். சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில், ஊருக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் ஒரு கோணிப்பையில் ஆற்று வண்டலைக் கட்டிக்கொண்டு வருவார். ஆம்பூரில் வண்டி ஏறி, பங்காருப்பேட்டையில் இறங்கி, அந்த மூட்டையைத் தோளில் சுமந்தபடி மாரிக்குப்பம் கிளை வண்டிக்கு மாறுவார். "அரிசி கொண்டுவர வேண்டிய மனிதர் மண் கொண்டு வருகின்றாரே!" என்று உடன் பயணம் செய்வோர் நகைப்பார்களாம். அதே பாலாறுதான் ஆம்பூருக்குப் போகும் வழியில் நம் பேத்தமங்கலத்தைத் தொட்டுச் செல்கின்றது. பேத்தமங்கலத்து நீரையே தங்கவயல் நெடுங்காலம் குடித்தது. அதனால் அந்த வண்டலை அயல் மண் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டில் தந்தையார் ஒரு டெல்லிக் கனகாம்பரக் கிளையைக் கொண்டுவந்து அந்த வண்டலில் ஊன்றினார். அவர் மறைந்த பின்னும் அச்செடியை எம் அன்னையார் விடவில்லை. டெல்லிக் கனகாம்பரம் விதை கொடுக்காத இனம். கிளையை ஒடித்து ஊன்றித்தான் வம்சத்தைக் காக்க வேண்டும். செடி முதிரும்போதெல்லாம் புதுக் கிளை ஊன்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதனை அவர் காத்து வந்தார். இச்செய்தியை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்கு நாங்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

மண் இல்லாமல் செடி எப்படி வளரும் என்ற ஐயம் எழுவது இயல்பு. இந்த ஐயத்தை அறிஞர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துள்ளனர். பெல்ஜிய நாட்டு வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீரை மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்தது. மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்சு. ஆகையால் மரம் முழுவதும் நீராலேயே ஆனது என்று அவர் முடிவு கட்டினார். முடிவு தவறு. காற்றிலிருந்து மரம் கரியைப் பெறுவது அக்காலத்தில் தெரியாது. அந்த இரண்டு அவுன்சின் பெருமையையும் அவர் உணரவில்லை. 1699-ல் இங்கிலாந்தில் ஜான் வுட்வர்டு என்பவர் புதினா வகைச் செடியை வெவ்வேறு நீரில் வளர்த்துப் பார்த்தார். தூய மழை நீரில் வளர்ந்ததைக் காட்டிலும், தோட்டத்து மண்ணைக் கலந்த நீரில் அது செழித்தது. மண்ணிலிருந்து ஏதோ ஒன்று நீரில் கரைந்து செடிக்கு உணவாகின்றது என்பது புலனாயிற்று. அந்த ஏதோ ஒன்று இன்னின்ன உப்புக்களே என்பதை 1860-ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மானியரான சாக்ஸும் குனோப்பும் காட்டினர். உப்புக்களை நீரில் கரைத்து, மண்ணே இன்றிச் செடியை அவர்கள் வளர்த்தனர்.

ஆய்வுக்கூடத்தில் இருந்த இம்முறையைத் தொழிலாக்க முனைந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கெரிக். 1929 முதல் அவர் இதனைப் பரப்பினார். ஏணி வைத்துப் பறிக்கும் உயரத்துக்குத் தக்காளிச் செடியை வளர்த்துக் காட்டினார் என்பர். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்னும் பெயர் 1937-ல் வழக்குக்கு வந்தது. கிரேக்க மொழியில் நீர், உழைப்பு என்னும் இரு சொற்கள் சேர்ந்தது அது. நீருழவு என்று தமிழில் சொல்லலாமோ என்று எங்களுக்கு ஒரு சபலம். புலவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

நம் நாட்டுக்கு இது வந்த வரலாறு பலருக்குத் தெரியாது. 1946-ல் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் வங்காளத்துக் காலிம்பாங் மலையூரில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். மேனாட்டார் போலக் குழாயும் எந்திரமும் வைத்தால் நம் ஏழை நாட்டுக்கு ஒத்துவராது என்று கண்டு, உடைத்த கல்லும் மணலும் கலந்த தொட்டியில் உப்புக்களைத் தூவி நீர் ஊற்றும் எளிய வழியை வகுத்தார். அது வங்காள முறை என்று பெயர் பெற்று, 1951-ல் நூலாகவும் வெளிவந்தது. எந்திரம் இல்லாமல் ஏழை வீட்டிலும் செய்யலாம் என்ற அந்த ஒரு செய்திதான் எங்களுக்குத் துணிவு தந்தது.

உடைத்த கல்லும் மணலும் என்றவுடன் எங்கள் மனம் எங்கே ஓடியிருக்கும் என்று தங்கவயலார்க்குச் சொல்ல வேண்டுமா? காசில்லாமல் மலை மலையாக மணல் கிடக்கின்றதே என்று ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் புறப்பட்டோம். நல்ல வேளையாக, சுரங்க மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வழியில் எதிர்ப்பட்டார். "தம்பி, அது மணல் அன்று, மாவு. பொன் கல்லை மாவாக அரைத்துச் சயனைடு நீரில் ஊற வைத்த சக்கை. அதில் செடி நட்டால் வேருக்கு மூச்சு முட்டும்" என்று தடுத்தார். பின்னர் விசாரித்ததில் அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்று தெரிந்தது. காலப்போக்கில் வெயிலிலும் காற்றிலும் சயனைடு சிதைந்தாலும், இத்தகைய சக்கையில் தீய உலோகங்கள் தங்கியிருக்கக்கூடும். கீரையும் புதினாவும் வளர்க்கின்ற தொட்டியில் அதனை இடலாகாது. பிள்ளைகள் விளையாடவும் அங்கிருந்து மணல் கொண்டு வரலாகாது. இதனை இவ்விடத்தில் அழுத்திச் சொல்லிவிட்டு மேலே செல்கின்றோம்.

முதலில் புதினா. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து நான்கு தண்டுகளை எடுத்து, அடி இலைகளைக் கிள்ளி, நீர்ப் புட்டியில் வைத்தோம். ஒரு வாரத்தில் வெள்ளை வேர் நூல் நூலாக இறங்கியது. உப்புக் கரைசலை நீர்க்க ஊற்றினோம், தழைத்தது. துவையல் அரைத்து நான்கு வீட்டுக்கும் கொடுத்தோம். அத்துடன் எமக்குத் தலை சற்றுக் கனத்துவிட்டது.

வாயிலில் இருக்கும் தகரங்களையெல்லாம் மாற்றிவிடுவது என்று தீர்மானித்தோம். அன்னையார்க்கு முழங்கால் வலி. நீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு தகரம் தகரமாக ஊற்றுவது அவரால் முடியவில்லை. கோடையில் குழாயில் நீர் வருவது அரிது. லாரி நீருக்கு வரிசையில் நிற்கும் தெருவில், செடிக்கு நீர் ஊற்றுவதையே சிலர் முகம் சுளித்துப் பார்த்தனர். மண்ணில்லா முறையில் நீர்ச் செலவு குறைவு, நாள்தோறும் ஊற்றவும் வேண்டியதில்லை என்பதால், அவருக்கு நன்மை செய்வதாகவே நினைத்தோம். அவரோ, "உங்கள் நைனா தோளில் சுமந்து வந்த மண்ணடா அது. துளசியைத் தொடாதே. மற்றதை நான் ஊரில் இல்லாதபோது செய்துகொள்" என்றார். அவர் ஒரு திருமணத்திற்கு ஆம்பூர் சென்ற வாரத்தில் நாங்கள் அதனைச் செய்தோம்.

சித்திரை மாதம். பூத்துக் குலுங்கிய கனகாம்பரத்தை வேரோடு பெயர்த்தோம். மண் துளியும் இருக்கலாகாது என்று குழாயடியில் வைத்து அலசினோம். நுண்வேர்கள் பாதி நீரோடு போயின. எஞ்சிய வேரைக் கண்ணாடிச் சாடியில் கழுத்துவரை முழுக வைத்தோம். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்புக்களை இரட்டிப்பு அளவில் கரைத்து ஊற்றினோம். நிறைய உண்டால் நிறைய வளரும் என்பது எம் கணக்கு. சாடியை வெயில் படும் சுவரின்மேல் அழகாக வைத்தோம். மூன்றாம் நாள் இலை தொங்கியது. ஆறாம் நாள் வேர் பழுப்பாகி நாற்றம் எடுத்தது. அன்னையார் திரும்பி வந்தபோது சாடியில் ஒரு குச்சி இருந்தது.

அவர் எங்களைத் திட்டவில்லை. சாடியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே சென்றார். அன்றிரவு உணவின்போதும் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த ஒரு செடியில் நாங்கள் செய்த பிழைகளை எண்ணினால், இம்முறையின் இலக்கணம் முழுவதும் வந்துவிடும். மண்ணில் வளர்ந்த வேரும் நீரில் வளர்ந்த வேரும் ஒரே தன்மையன அல்ல. மண்வேரைத் திடீரென்று நீருக்குள் அமிழ்த்தினால் அது அழுகும். செடி புது வேர் விட்டுத்தான் பிழைக்க வேண்டும். முதிர்ந்த செடி, அதிலும் பூக்கும் காலத்தில், கோடை வெயிலில், அதற்குள் களைத்துவிடும். ஆகவே மாற்ற விரும்புவோர் பழைய செடியைப் பெயர்க்காமல் கிளையை ஒடித்துப் புதிதாக வேர் பிடிக்க வைப்பதே நன்று. அடுத்தது காற்று. வேரும் மூச்சு விடுகின்றது. சாடியில் நீரை விளிம்பு வரை நிரப்பாமல் மேல்வேருக்கு இடைவெளி விட வேண்டும். கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் பாசி படரும், நீர் சூடேறும்; கறுப்புத் தாளோ பழைய துணியோ சுற்றி மறைக்க வேண்டும். உப்பு மிகுந்தால் செடி நீரைக் குடிப்பதற்கு மாறாக, செடியிலிருந்து நீர் வெளியேறும். ஊறுகாய் போடும் தாய்மார்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

அளவு கேட்பீர்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹோக்லாந்து, ஆர்னன் இருவரும் 1938-ல் வெளியிட்ட கரைசலே இன்றும் பலருக்கு அடிப்படை. அதில் பாதிக் காரம் நம் தொட்டிச் செடிக்குப் போதும். பத்து லிட்டர் நீருக்குக் கால்சியம் நைட்ரேட் 6 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் இரண்டரை கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் ஏறத்தாழ 0.7 கிராம், எப்சம் உப்பு இரண்டரை கிராம். இவற்றோடு இரும்பும் பிற நுண்சத்துக்களும் சிட்டிகை அளவு. கால்சியம் உப்பைத் தனியே ஒரு புட்டியிலும், மற்றவற்றை வேறொரு புட்டியிலும் கரைத்து வைக்க வேண்டும். கெட்டிக் கரைசலாக ஒன்றாகக் கலந்தால் வெள்ளை வண்டலாக அடியில் தங்கிச் செடிக்குப் பயன்படாது. பெரிய பாத்திரத்து நீரில் ஒன்றை ஊற்றிக் கலக்கியபின் மற்றதை ஊற்றுக. இவ்வுப்புக்கள் பார்வைக்குச் சர்க்கரை போலவே இருக்கும். சமையலறையில் வைக்கவே வைக்காதீர்கள். பெயர் எழுதிப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

கனகாம்பரம் போயிற்று என்று நாங்கள் குமைந்திருந்தபோது, எதிர் லைன் பெரியம்மா வந்து, "ஏன் முகம் வாடியிருக்கின்றீர்கள்? போன ஆண்டு உங்கள் அம்மா கொடுத்த கிளை என் வீட்டில் புதராக நிற்கின்றதே!" என்றார். நாங்கள் ஓடிச் சென்று பார்த்தோம். அதே செடி. மூன்று கிளைகள் வாங்கி வந்தோம். ஒன்றை அன்னையார் கையோடு வாங்கித் தம் தகரத்து வண்டலில் ஊன்றிக்கொண்டார். மற்ற இரண்டும் எங்களுக்கு.

இம்முறை அவசரப்படவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டியாக வரும் தென்னை நார்த்தூளை வாங்கி, மூன்று முறை நீர் மாற்றி அலசினோம். அலசாவிட்டால் அதிலுள்ள உப்பே செடியை வாட்டும். நார்த்தூள் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. நிழலில் வைத்தோம். ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேர் பிடித்தது. பிறகு திரித்தொட்டி. அடியில் மூடியுள்ள வாளியில் கரைசல். அதன்மேல் நார்த்தூள் நிரம்பிய தொட்டி. தொட்டியின் துளை வழியே ஒரு திரி இறங்கிக் கரைசலை விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் மேலே கொண்டுவரும். பருத்தித் திரி சில மாதங்களில் மக்கிவிடுகின்றது. எம் துணைவியாரின் பழைய நைலான் சேலை ஓரம் இரண்டாவது ஆண்டாக உழைக்கின்றது. மின்சாரம் வேண்டாம், எந்திரம் வேண்டாம். அன்னையார் தம் தகரத்துக்கு நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றுகின்றார். எங்கள் வாளிக்கு வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

அப்படியும் ஒரு தொல்லை வந்தது. இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இது இரும்புக் குறை. கனகாம்பரத்துக்கு இது பரம்பரை நோய் போன்றது. நம் ஆழ்குழாய் நீர் காரத்தன்மை மிக்கது, கடினமானது. கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையே சாட்சி. அந்நீரில் சாதாரண இரும்பு உப்பு துருவாகிப் படிந்துவிடும். கரைசலின் அமிலநிலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் இருக்க வேண்டும். மலிவான சோதனைத் தாளே இதைக் காட்டும். மழை நீரைப் பிடித்துப் பாதிக்குப் பாதி கலந்தோம். குறையைச் சில துளி எலுமிச்சைச் சாறு சரிசெய்தது. கீலேட் என்னும் கட்டுண்ட இரும்பை வாங்கிச் சேர்த்தோம். புதிதாக வந்த இலைகள் பச்சையாயின. பழைய மஞ்சள் இலைகள் மாறவில்லை; அவற்றை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் அன்று, நம் வீட்டுத் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகின்றது. சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வந்தபோது, எங்கள் புதினாப் புட்டி ஒன்றில் புழு நெளிவதைக் காட்டினார். நாணத்தால் தலை குனிந்தோம். அன்று முதல் மூடியில்லாத பாத்திரம் எங்கள் வாயிலில் இல்லை. தண்டு நுழையும் துளையைச் சுற்றியும் பஞ்சு அடைத்து, வாரந்தோறும் நீரை மாற்றுகின்றோம். அழகுக்காகக் கூடத்தில் மணி பிளாண்ட் புட்டி வைத்திருப்போரும் இதனைக் கேட்டுக்கொள்க.

இனி, எல்லோரும் மண்ணைக் கொட்டிவிட்டு இதற்கு மாறுங்கள் என்று சொல்லவா வந்தோம்? இல்லை. நல்ல மண்ணும் நல்ல கவனிப்பும் இருந்தால் மண்ணிலும் இதே அளவு விளையும் என்று அந்த ஹோக்லாந்தும் ஆர்னனுமே எழுதியிருக்கின்றனர். விற்பனைக்காரர்கள் இதை மட்டும் சொல்வதில்லை. மண் தவறுகளைப் பொறுக்கும். ஒரு வாரம் மறந்தாலும் தன்னிடம் உள்ளதைக் கொடுத்துச் செடியைக் காக்கும். கரைசல் பொறுக்காது. உப்பும் காசு கொடுத்து வாங்க வேண்டியதே. துளசி, கறிவேப்பிலை, மல்லிகை ஆகியவற்றை எங்கள் வீட்டில் மண்ணிலேயே விட்டுவிட்டோம். கீரை, புதினா, கொத்துமல்லி, கனகாம்பரம் இவற்றிற்குத் திரித்தொட்டி நன்றாக ஒத்துவந்தது. நல்ல மண் கிடைக்காத, நீர் அரிதான, மேட்டுத் தூசி பறக்கின்ற நம் ஊரில், கீரையைச் சுத்தமான நார்த்தூளில் வளர்ப்பது தனி நிம்மதி. பெங்களூருக்கு விடியற்காலை வண்டியில் சென்று இரவு வண்டியில் திரும்புகின்ற நம் பிள்ளைகளுக்கும், ஞாயிறு ஒரு நாள் கவனித்தால் போதும் என்பதால் இது பொருந்தும்.

இப்போது எங்கள் வாயிலில் இரண்டு கனகாம்பரங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று வண்டலில், ஒன்று நார்த்தூளில். எது மிகுதியாகப் பூக்கின்றது என்று வருவோர் கேட்கின்றனர். கடந்த தை மாதத்தில் எங்களுடையது முந்தியது. சித்திரையில் அன்னையாருடையது முந்தியது. இரண்டையும் பறித்து ஒரே சரமாகத் தொடுப்பவர் அவரே. ஆதலால் எந்தப் பூ எங்கிருந்து வந்தது என்ற கணக்கு எங்களிடம் இல்லை. சென்ற மாதம் ஒரு நாள் எங்கள் வாளியில் கரைசல் குறைந்திருந்ததைக் கண்டு, நாங்கள் அலுவலகத்திலிருந்து வருமுன் அவரே மழை நீர் ஊற்றி நிரப்பியிருந்தார். "உன் செடிக்குத் தாகம்" என்று மட்டும் சொன்னார்.

கனகாம்பரக் கிளை வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வரலாம். மண்ணில் ஊன்றுவோர்க்கும் தருவோம், மண்ணின்றி வளர்ப்போர்க்கும் தருவோம். வரும்போது மூடியுள்ள ஒரு புட்டி கொண்டு வாருங்கள். கிளை ஒடிப்பது அன்னையாரின் அதிகாரம் என்பதால், அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.